நெட்டை மெட்டு

விண்ணப்பத்தில் ஒரு கொம்பு கூடிப்போனதால், டெல்பினாவின் கிட்டாரில் போட வேண்டிய மெட்டுகளை நகராட்சி அவள் குடியிருந்த தெருவில் போட்டுவிட்டது.

சிப்பித்துறையில் கிட்டாருக்கு மெட்டு மாற்றுவது நகராட்சியின் பொறுப்பு. குடிநீர், குப்பை, அடுத்தது மெட்டு. கிட்டார்க் கழுத்தின் குறுக்கே வரிவரியாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைத்தான் அந்த ஊரில் மெட்டு என்பார்கள், வீணைக்காரர்கள் சொல்வதுபோல. நகராட்சியில் மெட்டுப் பிரிவும் மேட்டுப் பிரிவும் ஒரே அறையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. மேட்டுப் பிரிவின் வேலை சாலையில் வேகத்தடை போடுவது. ‘மெட்டு உயரம் கூட்டித் தரவும்’ என்று டெல்பினா எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்தவர், ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு போட்டார். கோப்பு ஒரு மேஜையிலிருந்து பின்னால் இருந்த மேஜைக்குப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

மற்றபடி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டபடியே இருபத்திரண்டு மேடுகள். கேட்டபடியே நெட்டை. தெருமுனையில் வாய்க்கால் கடக்கும் கலுங்கில் தொடங்கிக் கடற்சுவரை நோக்கிப் போகப்போக இடைவெளி முறைப்படி குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாவது மேடு கலுங்குக்கும் சுவருக்கும் சரிபாதியில் இருந்தது; நூல் பிடித்துப் பார்த்தாலும் இம்மி பிசகாது. முதல் மேட்டுப் பக்கம் இருந்தவர்களுக்கு வாசலில் லாரி நிறுத்தும் அளவுக்கு இடம் கிடைத்தது. இருபதுக்கு மேல் இருந்தவர்கள் சைக்கிளைக் குறுக்காக நிறுத்தப் பழகிக்கொண்டார்கள். கடைசி மேட்டுக்கு அப்பால், வலை காயப்போடும் வெளியில், ஊர்க்கிணறு வட்டமாக வாயைத் திறந்துகொண்டு இருந்தது. கிட்டாரில் ஓட்டை இருக்க வேண்டிய இடமும் அதுதான் என்பதால் யாரும் அதை மூடச் சொல்லவில்லை.

டெல்பினா எதற்காக நெட்டை மெட்டு கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் எதையும் அழுத்துகிற பெண். அவள் மூடிய குழாயை வேறு யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊறுகாய் பாட்டிலை மூடினாளென்றால், அடுத்து அவளாக வந்து திறக்கும்வரை அது மூடியேதான் இருக்கும். அவள் வெளியூர் போன நாட்களில் கணவன் லியோன் வெறும் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பாட்டிலைப் பார்த்தபடி எழுந்துபோவான். கிட்டாரையும் அவள் அப்படித்தான் பிடித்தாள். அவளுடையது குட்டை மெட்டு. அதுவும் இருபது வருட அழுத்தத்தில் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டிய நிலையில் இருந்தது. கம்பியை அழுத்தினால் விரல் சதை நேரே மரத்தில் போய் முட்டும். முட்டிய பிறகும் அவள் விடமாட்டாள்.

இடது கையில் கட்டைவிரலின் அடி வீங்கியது. மோதிர விரல் காலையில் மடங்கினால் மத்தியானம்தான் நிமிர்ந்தது. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் குட்டை மெட்டுல இனி வாசிச்சீங்கன்னா விரல் போயிரும்மா. நெட்டை போடுங்க. இல்லேன்னா கிட்டாரைச் சுவத்துல மாட்டிருங்க” என்றார்.

நெட்டை மெட்டில் கம்பி மெட்டின் தலையில் பட்டவுடனே சத்தம் வந்துவிடும். விரல் மரத்தைத் தொடவே வேண்டியதில்லை. பூ வைப்பதுபோல் வைத்தால் போதும். ஆனால் அதில் ஒரு சங்கடமும் உண்டு. வேண்டியதற்கு மேல் அழுத்தினால் கம்பி மெட்டைத் தாண்டிக் கீழே இறங்கி இழுபடும், சுதி ஏறிவிடும். அழுத்துகிறவர்களை நெட்டை மெட்டு உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டாம் பூசைக்கு வாசிப்பதைத் தவிர டெல்பினாவுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. ஆனால் அந்த ஒன்றை அவள் உயிராக வைத்திருந்தாள். கிட்டார் இல்லாத தன்னை ஒருநாள் நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் அழுதாள். பிறகு குழாயை இறுக மூடிவிட்டு வந்து விண்ணப்பத்தை எழுதினாள்.

மேடுகள் போட்ட மறுநாள் காலையில் பால் வாங்கக் கிளம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் வீடு நான்காம் மேட்டுக்கும் ஐந்தாம் மேட்டுக்கும் நடுவில். ஐந்தாம் மேட்டை ஒட்டி இந்தப் பக்கம் கால் வைத்தாள். தலைக்கு மேலே கம்பி ஒன்று ஒலித்தது. அந்தத் தெருவில் ஏற்கெனவே ஆறு கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான்கு மின்சாரத்துக்கு, ஒன்று கேபிள் டிவிக்கு, ஒன்று யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மீட்டும் வேலையைக் கடல்காற்று பார்த்துக்கொண்டது. மேட்டை ஒட்டி மிதித்தால் தெளிவாகக் கேட்டது. மேட்டுக்கு மேலேயே மிதித்தால் அமுங்கியது. நடுவில் எங்காவது மிதித்தால் கம்பி இரைந்தது. டெல்பினா வழக்கம்போல அழுத்தி மிதித்தாள். சுதி கால் பங்கு ஏறியது. எதிர்வீட்டு நாய் எழுந்து உள்ளே போய்விட்டது.

பத்து மணிக்கு ஓவர்சீயர் இசக்கிராஜ் வந்தார். கையில் பதிவேடு, காலில் கனத்த பூட்ஸ். குனிந்து மேடுகளை ஒவ்வொன்றாக அளந்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தார்.

“கொம்பு கூடிப்போச்சும்மா. தப்பு எங்க பக்கந்தான்.”

“அப்ப என் கிட்டாரு, அண்ணாச்சி?”

“அதுக்குத்தான் வந்துருக்கேன். போட்ட மெட்டைச் சோதிக்காம அடுத்த மெட்டு போட விதியில்லை. முப்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன். இதுல ஒரு பாட்டு முழுசா வாசிச்சுக் காட்டுங்க. சுதி ஏறலேன்னா பொருத்தச் சான்று எழுதித் தாரேன். ஒரே வாரத்துல உங்க கிட்டாருக்கும் இதே உயரம் போட்டுருவாங்க.”

“ஏறிட்டுன்னா?”

இசக்கிராஜ் பதிவேட்டைத் திறந்து காட்டினார். டெல்பினாவின் பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“குட்டைன்னு எழுதிருவேன். பேனாவால எழுதுறதும்மா, அழிக்க முடியாது. ஒருத்தருக்கு ஆயுசுக்கும் ஒரு உயரந்தான்.”

ஆக, தெருவில் சுதி ஏறினால் கிட்டார் சுவரில் ஏறும். டெல்பினாவுக்கு அது உடனே புரிந்தது. அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

“நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீங்க. எனக்கு நெட்டை பிடிக்காது. வாசிக்கையில தரை தெரியணும். மரம் விரல்ல படலேன்னா அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கும். முப்பது வருசமா இந்த ஊருல குட்டைதான் போட்டுக்கிட்டு வாரேன், ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

அவர் போனதும் தெரு இரண்டாகப் பிரிந்தது. மேட்டில் ஏறி இறங்குவது சுகமாக இருக்கிறது, கால் தானாகவே அடுத்த இடத்துக்குப் போகிறது என்றார்கள் நெட்டைக்காரர்கள். வழுக்கிக்கொண்டு போக முடியவில்லை, ஒவ்வொரு மேடும் தடுக்குகிறது, குட்டையாக இருந்தால் ஒரே இழுப்பில் கலுங்கு முதல் கடல்வரை போய்விடலாம் என்றார்கள் குட்டைக்காரர்கள். இரண்டு கட்சியும் டெல்பினா வாசலில்தான் நின்று பேசியது. தொம்மை மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தொம்மை ஐஸ் கம்பெனியில் கட்டி சுமப்பவர். ஆளும் கட்டியைப் போலத்தான் இருப்பார். அவர் வேலை முடிந்து வரும்போது தெருவின் சுதி முழுதாக ஒரு படி ஏறிவிடும். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர். ஆனால் “தொம்மை சுதி ஏறி வாரார்” என்று கேலி பேசினார்கள். நான்காம் நாளிலிருந்து அவர் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

டெல்பினா பழகினாள். அவளாகக் கட்டிய பாட்டு மெட்டு ஒன்று இருந்தது. விண்ணப்பத்தில் ‘மெட்டு எது?’ என்ற கட்டம் ஒன்றுதான் உண்டு. உயரத்தையும் அதில்தான் எழுத வேண்டும், பாட்டையும் அதில்தான் எழுத வேண்டும். ‘நெட்டை, மெதுவானது’ என்று எழுதியிருந்தாள். ஒரு காலுக்கு ஒரு ஸ்வரம் என்று அவள் ராகத்தை நடந்தாள், லியோன் கூடவே தடித்த கம்பிகளில் நடந்தான். லியோனுக்குப் பிரச்சினை இல்லை. அவன் இயல்பிலேயே வீட்டுக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவனுடைய ஸ்வரங்கள் சொன்ன இடத்தில் நின்றன. டெல்பினாவுடையவை எல்லாம் ஏறின.

காலுறை போட்டு நடந்தாள், ஏறியது. இரண்டு நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நடந்தாள், பசித்தது, ஏறியது. தலையில் முட்டைத் தட்டை வைத்துக்கொண்டு நடந்தாள். முட்டை ஒன்றுகூட உடையவில்லை. சுதி ஏறியது.

“ஏளா, நீ வேணும்னு அழுத்துறியா?” என்று லியோன் ஒருநாள் கேட்டான்.

“விட்டுட்டா விழுந்துருமோன்னு இருக்குங்க” என்றாள்.

“எது?”

அவள் முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினேழாம் நாள் மத்தியானம், கேஸ் சிலிண்டர் வண்டி மணியடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. டெல்பினா செருப்பைத் தேடாமல் ஓடினாள். சித்திரை வெயில். தார் பிசுபிசுவென்று இளகிக் கிடந்தது. கால் வைத்த கணமே சுட்டது. வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். தலைக்கு மேல் எட்டு ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எட்டும் சுத்தம். கண்ணாடி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. அவள் நின்றுவிட்டாள். நின்றதும் சுதி ஏறியது, பாதமும் கொப்பளித்தது. சிலிண்டர் வண்டி போய்விட்டது. அன்று மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமையல் நடந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக அந்த அடுப்பைப் பற்றவைத்து லியோன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் உச்சிவேளையில் வெறுங்காலோடு நடந்தாள். சூடு அவளை அழுத்த விடவில்லை. மேட்டின் ஓரத்தைக் கால் தொடும், உடனே அடுத்ததற்குப் போகும். மேட்டை ஒட்டி வைத்த பாதத்தை மெல்ல ஓரமாகத் தள்ளினால் கம்பி வளைந்து ஸ்வரம் இழைந்து ஏறுவதையும் கண்டுபிடித்தாள். அது தவறி ஏறுவதல்ல, வேண்டுமென்று ஏற்றுவது. குட்டை மேடாக இருந்தால் தரை பாதத்தைப் பிடித்துக்கொள்ளும்; நெட்டையில் பிடிக்க எதுவும் இல்லை. குட்டைக்காரர்கள் சிலர் அதைக் கேட்டுவிட்டு வாதத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்குள் போனார்கள். மாலையில் லியோன் அவள் பாதத்துக்குக் கற்றாழை தடவினான். இருபத்தாறாம் நாள் அவன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். அது திறந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். பிறகு நேரே அடுக்களைக்குப் போய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, ஒரு துண்டு நாரத்தையை வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் கட்டிய பாட்டிலே எஃப் கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடி, நான்கு தடவை வரும். கிட்டாரில் அதற்குச் சுட்டுவிரல் ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வேண்டும், மற்ற விரல்கள் மேலே நிற்க வேண்டும். டெல்பினாவின் கையைக் கெடுத்ததே அந்த எஃப்தான். தெருவில் அதற்குக் கம்பிக்கு ஒருவராக ஆறு பேர் வேண்டியிருந்தது. அவளும் லியோனும் போக, அக்கம்பக்கத்தில் நான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள். குட்டைக்காரர்கள் இரண்டு பேர், நெட்டைக்காரர் ஒருவர், எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லாத ஆட்டோக்காரர் ஒருவர்.

முப்பதாம் நாள் மூன்று மணிக்கு மழை கொட்டியது. அரைமணி நேரத்தில் நின்றும்விட்டது. டெல்பினா வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். தார் குளிர்ந்து கிடந்தது. சுடுகிற தரையில் அழுத்தாமல் இருப்பது ஒரு பெரிய காரியமில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போதாததற்கு, ஆட்டோக்காரர் ரயில் நிலையத்துக்குச் சவாரி போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். எஃப்புக்கு ஒரு கால் குறைந்தது. தடித்த கம்பி, முதல் மேடு. அது இல்லாமல் எஃப் நிற்காது. தெருவில் மிச்சமிருந்தது தொம்மை ஒருவர்தான்.

“நான் வேண்டாம் தங்கச்சி. நான் கால வச்சா எல்லாம் கெட்டுரும். ஊருக்கே தெரியும்” என்று அவர் கதவைப் பாதி திறந்துகொண்டு சொன்னார்.

“அண்ணே, ஐஸ் கம்பெனியில கட்டி மேலயே நடப்பீங்கல்லா?”

“நடக்காம? தினமும் நடக்கணும்.”

“அழுத்தி நடப்பீங்களா?”

தொம்மை சிரித்தார். “ஐஸ் மேல எவனாவது அழுத்தி நடப்பானா? சறுக்கி மண்டை உடைஞ்சிரும். பூனை மாதிரி போகணும்.”

“அவ்வளவுதான்ணே. மழைத்தண்ணியை ஐஸுன்னு நினைச்சுக்கிடுங்க. வாங்க.”

தொம்மை வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். இருபத்தாறு நாளுக்குப் பிறகு அன்றுதான் வந்தார்.

நாலு மணிக்கு இசக்கிராஜ் வந்து, கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் பதிவேட்டை வைத்துப் பேனாவைத் திறந்துகொண்டார். காற்று கடலிலிருந்து வரத் தொடங்கியது. டெல்பினா ஐந்தாம் மேட்டின் முன்னால் நின்று காலைத் தூக்கினாள். விட்டுவிட்டால் விழுந்துவிடும் என்று நினைத்தது தன்னைத்தான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது. விழுந்தால் தெருவில்தானே விழப்போகிறோம், தெரு தெரிந்தவர்களுடையது என்று நினைத்துக்கொண்டாள். காலை வைத்தாள். ஸ்வரம் நின்றது, ஏறவில்லை.

பிறகு அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஏழு, ஐந்து, எட்டு. பன்னிரண்டில் பாதத்தை ஓரமாகத் தள்ளியபோது தெரு நெகிழ்ந்து அழுதது. எதிர்வீட்டு நாய் வெளியே வந்து உட்கார்ந்து கேட்டது. முதல் எஃப் வந்தது. ஆறு பேரும் முதல் மூன்று மேடுகளிலும் அவரவர் கம்பிக்குக் கீழே வந்து நின்றார்கள். தொம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியை முதலில் ஊன்றி, பிறகு பாதத்தை மெல்லப் படியவிட்டார். தடித்த கம்பி ஒலித்தது. கிணறு அந்த ஒலியை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. கொஞ்சம்கூட ஏறவில்லை. தொம்மையின் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. இரண்டாவது எஃப், மூன்றாவது, நான்காவது. பாட்டு முடிந்த பிறகும் காற்று கொஞ்ச நேரம் வீசிக்கொண்டிருந்தது.

இசக்கிராஜ் எழுதவில்லை. பூட்ஸைக் கழற்றினார். காலுறையை உருவி பூட்ஸுக்குள் திணித்தார். ஏழாம் மேட்டை ஒட்டி ஒரு காலை வைத்துப் பார்த்தார். ஒலித்தது. இன்னொரு தடவை வைத்தார்.

“தரை தெரியலையே” என்றார்.

“தெரியாது அண்ணாச்சி” என்றாள் டெல்பினா.

அவர் எட்டுக்கும் போய்ப் பார்த்தார், ஒன்பதுக்கும் போனார். பிறகு திரும்பி வந்து, கட்டத்தில் ‘நெட்டை’ என்று பேனாவால் எழுதி, மை காயும்வரை ஊதினார். போகும்போது பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோராம் மேடுவரை நடந்தே போனார்.

ஒரு வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். கிட்டாரில் இருந்த தேய்ந்த மெட்டுகளைப் பிடுங்கி, நெட்டையானவற்றைப் பதித்து, ஓரங்களை அரத்தால் ராவி, கழுத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தார்கள். தெருவில் இருப்பவை அங்கேயே இருக்கட்டும் என்று குட்டைக்காரர்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். டெல்பினாவின் மோதிர விரல் அதற்குள் காலையில் மடங்கிக் காலையிலேயே நிமிர ஆரம்பித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை, மறுநாள் பூசைக்காக அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிட்டாரை மடியில் வைத்தாள். அதன் கழுத்தில், ஐந்தாம் மெட்டுக்கும் ஆறாம் மெட்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. மிளகு அளவில் இரண்டு பானைகள், நூலில் காயும் துணிகள், ஒரு தூளி. ஊசிமுனை மூக்குத்தி போட்ட பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“குட்டை மெட்டுல இருக்க முடியாதுக்கா, விரல் வந்து கூரையை இடிக்கும். இதுதான் நல்ல உயரம். ரெண்டு பக்கமும் மதில் மாதிரி இருக்கு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பிள்ளை இப்பத்தான் கண்ணசந்தான். வாசிங்க. அழுத்திராதீங்க.”

டெல்பினா சரி என்று தலையாட்டினாள். மெதுவாக ஆரம்பித்தாள். முதல் எஃப்பில் சுட்டுவிரல் ஆறு கம்பிகளின் மேலும் படுத்தது, வலிக்கவில்லை. பாட்டின் நடுவில், அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே விரல் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறக்கினாள். கம்பி ஆறாம் மெட்டின் தலையைத் தொட்டது, அதற்குக் கீழே போகவில்லை. ஸ்வரம் சுத்தமாக எழுந்து அறை முழுக்க நின்றது. தூளி லேசாக ஆடியது. பிள்ளை எழவில்லை.